ரோந்து நாலு நகரவில்லை

அந்த ரோந்து வண்டிக்கு மானம், ரோஷம் எல்லாம் உண்டு என்று ஸ்டேஷனில் சொல்லிக்கொள்வார்கள். பிடிக்காத காரியத்துக்கு அனுப்பினால் பாதி வழியில் படுத்துவிடும். உருப்படியான காரியத்துக்குக் கூப்பிட்டால் அடைமழையிலும் முதல் சாவியிலேயே கிளம்பும்.

ஒரு முறை, கல்யாணம் செய்துகொண்டு ஓடிவந்த ஜோடி ஒன்றைப் பேருந்து நிலையத்தில் மடக்கச் சொல்லி உத்தரவு. பெண்ணுக்கும் வயது வந்துவிட்டது, பையனுக்கும் வயது வந்துவிட்டது; வராதது பெண்ணின் சித்தப்பாமார் இருவருக்குத்தான். அவர்கள் வழி காட்டுகிறோம் என்று வண்டியிலேயே ஏறிக்கொண்டார்கள். ரயில்வே கேட்டைத் தாண்டியதும் வண்டி இரண்டு முறை இருமியது. பிறகு நின்றுவிட்டது. சித்தப்பாமார் இறங்கி, மூச்சு வாங்க வாங்கத் தள்ளினார்கள். வண்டி மனம் இரங்கிக் கிளம்பியபோது ஜோடி ஏறிய பேருந்து எந்த ஊரைத் தாண்டியிருக்குமோ தெரியாது. இன்னொரு முறை, மரச்சாமான் பட்டறையில் வேலைநிறுத்தம் செய்தவர்களை அள்ளிக்கொண்டு வரச் சொன்னார்கள். பட்டறைக் கேட்டுக்கு எதிரே வண்டி படுத்தது. பட்டறை ஆட்களே வந்து போனெட்டைத் திறந்து பார்த்தார்கள், ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஓட்டுநர் ஸ்டேஷனுக்குத் திரும்பி, தொப்பியைக் கழற்றி, "வண்டி படுத்துடுச்சு சார்" என்பாள். அதற்கு மேல் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். வண்டியில் கோளாறு இல்லை என்று அவளுக்குத் தெரியும், எஸ்.ஐ.க்குத் தெரியும், டீ கொண்டுவருபவருக்குக்கூடத் தெரியும். ஆனால் உத்தரவு போட்டவர் போட்டாயிற்று, கீழ்ப்படிந்தவள் கீழ்ப்படிந்தாயிற்று. பழியை இரும்பு தாங்கிக்கொண்டது. இரும்புக்கு மெமோ கொடுக்க முடியாது. இப்படி எல்லோருடைய மரியாதையும் கசங்காமல் பல வருஷம் ஓடியது.

அவளுக்கு ஸ்டேஷன் வைத்த பெயர் ரிவர்ஸ். சொந்தப் பெயர் சம்பள நாளில் மட்டும் கூப்பிடப்படும். அந்தப் புறநகரில் பாதித் தெருக்கள் ஏதாவது ஒரு சுவரில் முட்டி நிற்பவை. ஒரு பக்கம் கழிவுநீர்க் கால்வாய், இன்னொரு பக்கம் தொழிற்சாலை மதில். நடுவில் யார் யாரோ மனை பிரித்து விற்றதில் மிஞ்சியதெல்லாம் சந்துகள். மற்ற ஓட்டுநர்கள் மூக்கை நுழைத்துவிட்டு, வெளியே வரும்போது சைக்கிளை இடித்து, பூந்தொட்டியை உடைத்து, அம்மாக்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். அவள் சந்துக்குள் எப்போதும் பின்பக்கமாகத்தான் போவாள். வண்டியின் முகம் எப்போதும் வெளியே பார்த்திருக்கும். "உள்ள போகும்போது நிதானமாப் போகலாம் ஏட்டையா, வெளிய வரும்போது எவன் எதைத் தூக்கிட்டுத் துரத்துவான்னு தெரியாது" என்பாள். தண்ணீர் லாரி ஓட்டிய அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து பழகிய கை. பம்ப் ஹவுஸ் வளாகத்தில், லாரி நிறைய தண்ணீர் தளும்பத் தளும்ப, பின்னோக்கி எட்டுப் போட்டுக் காட்டித்தான் வீட்டில் அனுமதி வாங்கினாள்.

கூட இருப்பவர் ஒரு ஏட்டு. ரேடியோவில் பேசுவதற்கு முன் இரண்டு முறை தொண்டையைச் செருமிக்கொள்வார் என்பதால் அவருக்கு செருமல் ஏட்டு என்று பெயர். நல்ல மனிதர். பெரிய வயிறு, சின்ன பயம். எந்தத் தகராறிலும் முதலில் இறங்குவார், இரண்டாவதாகப் பேசுவார். செங்கல் ஏற்றிய லாரி ஒன்று பிரேக் போய்த் தண்ணீர்த் தொட்டி இறக்கத்தில் உருண்டு வந்தபோது, ரிவர்ஸ் ரோந்து வண்டியை அதன் முன்னால் கொண்டுபோய், அதே வேகத்தில் ஓடவிட்டு, மெல்ல மெல்லப் பின் பம்பரில் தாங்கி நிறுத்தினாள். அடுத்த வாரம், குறிப்பிடத்தக்க சம்பவங்கள் என்று இலாகா வெளியிடும் தாளில் படம் வந்தது. படத்தில் செருமல் ஏட்டு நசுங்கிய பம்பரைத் தடவிக்கொண்டு நின்றார். ஓட்டுநர் படத்தில் இல்லை.

"நான் சொன்னேன்மா, ஓட்டினது இவங்கதான்னு. அந்த போட்டோக்காரன் கேக்கல" என்றார் ஏட்டு.

"விடுங்க ஏட்டையா. பம்பருக்காவது ஒரு பேர் கிடைச்சுதே."

இப்படிப்பட்டவளிடம்தான் ஒரு நாள் காலை, ஸ்டேஷன் வாசலில் பல் குத்திக்கொண்டே எஸ்.ஐ. சொன்னார்:

"ரிவர்ஸ், கடைசிச் சந்துல முடி வெட்டற அம்மா இருக்கில்ல, அதைக் கூட்டிட்டு வா. சின்ன விசாரணை."

"என்ன விஷயம்னு கேட்டா என்ன சார் சொல்றது?"

"வீட்டுக்காரர் ஏதோ மனு கொடுத்திருக்கார். அரை மணி வேலை. கேட்டுட்டு அனுப்பிடலாம்."

முடி வெட்டும் அம்மாவை அந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். பார்லர் அக்கா என்பார்கள். முன்னறையில் ஒரு சுழல் நாற்காலி, இரண்டு கண்ணாடி, சுவரோடு ஒரு பெஞ்சு. பின்னால் ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. மகள் தவழ்ந்த காலத்தில் வாடகைக்குக் குடிவந்த வீடு. மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். வீட்டுக்காரருக்கு அந்த இடத்தில் மாடி எழுப்ப ஆசை. காலி பண்ணு என்று நச்சரித்துப் பார்த்தார், தண்ணீர்க் குழாயை அடைத்துப் பார்த்தார், கடைசியில் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு நடக்கிறது. தீர்ப்பு வரவில்லை.

ரிவர்ஸ் உள்ளே போனபோது நாற்காலியில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் உட்கார்ந்திருந்தார். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. இடது பக்கம் முடி காதோடு நின்றது, வலது பக்கம் தோளில் கிடந்தது.

"பாதியில விட்டுட்டு எப்படிம்மா வர்றது?" என்றாள் பார்லர் அக்கா. "பாரு, ஒரு பக்கம்தான் முடிஞ்சிருக்கு."

"எனக்கு மத்தியானம் பெற்றோர் கூட்டம் இருக்குங்க. இப்படியே போய் நின்னா பசங்க என்னைப் படம் வரைஞ்சுடுவாங்க" என்றார் டீச்சர்.

ரிவர்ஸுக்குச் சிரிப்பு வந்தது. "அரை மணிதான்க்கா. நானே கூட்டிட்டுப் போறேன், நானே கொண்டுவந்து விடறேன். டீச்சர் அதுவரைக்கும் உக்காந்து ஒரு பத்திரிகை படிக்கட்டும்."

பார்லர் அக்கா அவளை ஒரு கணம் பார்த்தாள். முடி வெட்டுபவர்களுக்கு முகத்தை அளக்கும் பழக்கம் உண்டு.

"ஸ்டேஷன் வார்த்தைன்னா நம்ப மாட்டேன். உன் வார்த்தைன்னா சரி" என்று சொல்லிக் கத்திரியைக் கண்ணாடி முன் வைத்தாள். "டீச்சர், கடையைப் பாத்துக்கங்க. அசையாம இருங்க."

ஸ்டேஷனில் அவளைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். எஸ்.ஐ. வருவார் என்றார்கள். ரிவர்ஸ் பக்கத்தில் நிற்கப் பார்த்தாள். அதற்குள், பெரிய சாலையில் இரண்டு ஆட்டோக்காரர்கள் ஒரு சவாரிக்காகக் கட்டிப் புரளுகிறார்கள் என்று கன்ட்ரோலிலிருந்து செய்தி வந்தது. கிளம்பினாள். போய்ப் பார்த்தால் இருவரும் மாமன் மச்சான். சவாரி என்பது ஒரு சாக்கு, உண்மையான சண்டை யாரோ யாருக்கோ பெண் கொடுக்காதது. அதைப் பிரித்து, சமாதானம் பண்ணி, கிழிந்த சட்டைக்காரனுக்கு ஏட்டின் துண்டைக் கொடுத்து அனுப்ப வெகு நேரம் பிடித்தது.

திரும்பி ஸ்டேஷன் பக்கம் வண்டியைத் திருப்பும்போது ரேடியோ கரகரத்தது.

"ரோந்து நாலு, கன்ட்ரோல். கடைசிச் சந்துக்குப் போங்க. வீடு காலி பண்றாங்களாம். தகராறு வராம நின்னு பாத்துக்கச் சொல்லி எஸ்.ஐ. சொல்றார்."

ஏட்டு செருமிக்கொண்டு, சரி என்றார். கைக்கருவியை மடியில் வைத்துக்கொண்டு, "யாரும்மா காலி பண்றது?" என்று அவளைக் கேட்டார்.

அவள் வண்டியைக் கடைசிச் சந்துப் பக்கம் திருப்பினாள்.

வழக்கம்போலச் சந்து முனையில் வண்டியைத் திருப்பி, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனாள். கண்ணாடியில் முதலில் தெரிந்தது ஒரு சின்ன லாரி, மதிலில் முட்டுகிற மாதிரி, முகத்தைச் சந்துக்குக் காட்டி நின்றது. அதன்மேல் மெத்தை, பாத்திர மூட்டை, மகளின் மேசை, படுக்கை விரிப்பில் சுற்றிய இரண்டு கண்ணாடிகள். எல்லாவற்றுக்கும் மேலே, ராஜா மாதிரி, சுழல் நாற்காலி. அப்புறம்தான் டீச்சரைப் பார்த்தாள். கழுத்தில் வெள்ளைத் துணியோடு, ஒரு பக்கம் காது வரையும் ஒரு பக்கம் தோள் வரையும் முடியோடு, சந்தின் நடுவில் நின்று ரோந்து வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரிவர்ஸ் வண்டியை நிறுத்தினாள். லாரிக்கு முன்னால் ரோந்து வண்டி, பின்னால் மதில், இரு பக்கமும் வீடுகள். சைக்கிள் வேண்டுமானால் போகலாம்.

டீச்சர் ஜன்னலருகே வந்தார். கத்தவில்லை. "அரை மணின்னு சொன்னீங்களே" என்றார். "நீங்க போனதும் வந்தாங்க. நான் உக்காந்திருந்தேன், எழுந்திரிக்க மாட்டேன்னு சொன்னேன். நாற்காலியோட தூக்கிட்டாங்க. வெளிய கொண்டுவந்து இறக்கி விட்டுட்டு நாற்காலியை மட்டும் எடுத்துட்டுப் போனாங்க."

அதுவரை அவளுக்கு வெறும் சந்தேகமாக இருந்தது. இப்போது கணக்கு நேராகிவிட்டது. பெஞ்சில் உட்கார வைத்தது விசாரணைக்கு இல்லை. இங்கே இல்லாமல் இருக்கச் செய்வதற்கு. அதற்குப் போய்க் கூட்டிவந்த கை யாருடையது? தன்னுடையது. நம்பச் சொன்ன வாய் யாருடையது?

வீட்டுக்காரர் லாரி ஓரத்திலிருந்து வந்தார். வெயிலுக்குத் தலையில் கைக்குட்டை கட்டியிருந்தார்.

"வாங்கம்மா. சாமான் எல்லாம் ஏத்தியாச்சு. கொஞ்சம் முன்னால எடுத்தீங்கன்னா லாரி வெளிய போயிடும்."

"எங்க போகுது லாரி?"

"அது எங்கயோ ஒரு கொட்டகையில இறக்கி வைப்பாங்க. அந்தம்மா வந்து எடுத்துக்கட்டும். நான் என்ன திருடனா?"

"கோர்ட்டு உத்தரவு வந்துடுச்சா?"

"அதெல்லாம் எஸ்.ஐ.கிட்ட பேசியாச்சும்மா. நீ வண்டி ஓட்டறவதானே. ஓட்டு."

ஏட்டு அவள் பக்கம் சாய்ந்து, உதடு அசையாமல் சொன்னார்: "படுக்க வை."

அதுதான் அவள் கையும் நினைத்தது. இன்ஜினை அணைத்தாள். சாவியை ஒரு முறை திருப்பி, பாதியில் விட்டாள். வண்டி இருமியது. இன்னொரு முறை. வண்டி சொன்ன பேச்சைக் கேட்டுப் படுத்தது.

வீட்டுக்காரர் சிரித்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தவளுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

"சொன்னாரு" என்றார் அவர். "எஸ்.ஐ. சொன்னாரு. அந்தப் பொம்பளை வந்தா வண்டி படுத்தாலும் படுக்கும், எதுக்கும் இழுக்கறதுக்கு ஒரு ஆளைச் சொல்லி வைன்னாரு. மச்சான் கிரேன் வண்டியோட பெரிய ரோட்டுலதான் நிக்கறான். ஒரு போன் போட்டா போதும், உங்க ரிப்பேர் வண்டியை அலுங்காம தூக்கி ஓரமா வச்சிடுவான். உங்களுக்கும் சிரமமில்ல, எனக்கும் சிரமமில்ல."

ரிவர்ஸ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷமாக எல்லோரும் சேர்ந்து காப்பாற்றிய அந்தப் பொய் இப்போது எதிர்க்கட்சிக்கு வேலை செய்தது. ரிப்பேரான வண்டியை யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். ரிப்பேரான வண்டிக்கு அபிப்பிராயம் கிடையாது. அதை ஓரமாக வைத்துவிட்டால் லாரி போய்விடும், நாளைக்கு வீட்டுக் கதவில் ஒரு புதுப் பூட்டு இருக்கும். பார்லர் அக்கா வீதியில் நின்று வழக்கு நடத்துவாள். ஸ்டேஷனில் எல்லோரும், பாவம், வண்டி படுத்துடுச்சு என்பார்கள்.

சாவியைத் திருப்பினாள். முதல் சாவியிலேயே வண்டி கிளம்பி, கணகணவென்று ஓடியது. சந்து முழுக்கக் கேட்டது.

"அப்பாடா" என்றார் வீட்டுக்காரர். "முன்னால எடும்மா."

அவள் கியரைப் போடவில்லை. கைபிரேக்கை இழுத்தாள். ஏட்டின் மடியிலிருந்து ரேடியோவை எடுத்தாள்.

"என்னம்மா பண்றே?" என்றார் ஏட்டு.

"வண்டி மேல பழி போட்டுப் போட்டு எனக்கே வெக்கமா இருக்கு ஏட்டையா."

"அது பொது அலைவரிசைம்மா. எல்லா வண்டிக்கும் கேக்கும். உதவி ஆணையர் வண்டி வரைக்கும் கேக்கும்."

"கேக்கட்டும்னுதான்." பொத்தானை அழுத்தினாள். "கன்ட்ரோல், ரோந்து நாலு. கடைசிச் சந்துல நிக்கறோம். வண்டி நல்லா ஓடுது. ரிப்பேர் எதுவும் இல்ல. வண்டியை நகர்த்தச் சொல்றாங்க. ஓட்டுநர் மறுக்கறாங்க. ஓட்டுநர் நான்தான்."

இலாகா உண்டான நாளிலிருந்து அந்த அலைவரிசையில் இப்படி ஒரு வாக்கியம் போயிருக்காது.

"ரோந்து நாலு," கன்ட்ரோலில் இருந்த பெண்ணின் குரல் மெல்ல வந்தது, "சரியாக் கேக்கல. வண்டி படுத்துடுச்சுன்னு சொன்னீங்களா?"

அந்தக் குரல் ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பது அவளுக்குப் புரிந்தது. உள்ளே போய்விட்டால் எல்லோருக்கும் நிம்மதி.

"இல்லம்மா. படுக்கல. ஓடுது. நான் எடுக்க மாட்டேன்னு சொன்னேன்."

உடனே வேறொரு ஆண்குரல் குறுக்கே வந்தது. "கன்ட்ரோல், ரோந்து ஏழு. எங்களுக்குத் தெளிவாக் கேட்டுச்சு." இன்னொன்று: "ரோந்து ரெண்டு. எங்களுக்கும்."

அப்புறம் எஸ்.ஐ.யின் குரல். "ரிவர்ஸ், விளையாடாத. வழி விடு. இது என் உத்தரவு."

"உத்தரவு கேட்டுச்சு சார். முடியாது சார்."

"வண்டியில ஏதோ கோளாறுன்னு நினைக்கறேன். செக் பண்ணு." குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"வண்டியில கோளாறு இல்ல சார்."

கன்ட்ரோல் பெண்ணுக்கு வேறு வழியில்லை. ஒரு ஓட்டுநர் உத்தரவை மறுத்தால், காரணம் கேட்டாக வேண்டும். கேட்டதையும் சொன்னதையும் பதிவு செய்தாக வேண்டும். ரிவர்ஸ் நம்பியது அந்த ஒரு விதியைத்தான்.

"ரோந்து நாலு, காரணம் சொல்லுங்க."

அவள் நிதானமாகச் சொன்னாள். முகவரி சொல்கிற குரல்.

"இந்த வீட்டு அம்மாவைக் காலையில விசாரணைக்குன்னு நான்தான் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனேன். அரை மணியில விட்டுடுவாங்கன்னு நான்தான் சொன்னேன். அவங்க இன்னும் அங்க பெஞ்சுல இருக்காங்க. இங்க அவங்க வீட்டுச் சாமான் எல்லாம் லாரியில இருக்கு. கோர்ட்டு உத்தரவு இருக்கான்னு கேட்டேன், காட்டல. அந்தம்மா இங்க வந்து, நான் மனசோடதான் காலி பண்றேன்னு என்கிட்ட சொன்னா, அந்த நிமிஷமே எடுக்கறேன். அதுவரைக்கும் எடுக்க மாட்டேன். கிரேன் வச்சிருக்காங்களாம். நான் வண்டிக்குள்ளதான் இருப்பேன். என்னோட சேத்துத் தூக்கணும்."

வீட்டுக்காரர் போனை எடுத்தார். மச்சானோடு பேசினார். மச்சான் சொன்னது சந்து முழுக்கக் கேட்டது, அவ்வளவு உரத்த மச்சான்: "ரிப்பேர் வண்டின்னுதானே மாமா சொன்னீங்க. ஓடுற போலீஸ் வண்டியை, போலீஸ் உள்ள உக்காந்திருக்கும்போது தூக்கறதா? எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு."

மெத்தை மேல் உட்கார்ந்திருந்த லோடு மேஸ்திரி தன் ஆட்களிடம் சொன்னார்: "நமக்கு ஏத்தத் தெரியும், இறக்கத் தெரியும். இப்படி நடுவுல நிக்கறதுதான் பழக்கமில்ல. பீடி இருந்தா எடு."

ஏட்டு வண்டியை விட்டு இறங்கினார். போய்விடப் போகிறார் என்றுதான் ரிவர்ஸ் நினைத்தாள். அவர் முன்பக்கம் சுற்றி வந்து, இரண்டு முறை செருமி, தன் பெரிய வயிற்றை வண்டியின் பம்பரில் சாய்த்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன ஏட்டையா?"

"ஒண்ணுமில்லம்மா. காத்து வாங்கறேன்."

சந்தில் துளிக் காற்று இல்லை.

பார்லர் அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஸ்டேஷன் ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருந்த பெண் காவலர் ஒருத்தி பெஞ்சருகே போய், "அக்கா, உங்களை யாரும் பிடிச்சு வைக்கல. நீங்க பாட்டுக்குப் போகலாம்" என்று சொன்னாளாம். சந்து முனையிலிருந்தே லாரியின் உச்சியில் தன் நாற்காலியைப் பார்த்துவிட்டாள். ஓடி வரவில்லை. நடந்து வந்து, ஓட்டுநர் ஜன்னலில் நின்றாள்.

"அரை மணின்னியே."

ரிவர்ஸ் அவளை நேராகப் பார்த்தாள். "சொன்னேங்க்கா. ஏமாந்து சொன்னேன். அதுக்குத்தான் இங்கயே உக்காந்திருக்கேன். நீங்க மனசோட காலி பண்றீங்களா? என்கிட்ட சொல்லுங்க. சரின்னா சரி, இல்லன்னா இல்ல."

"என் வீட்டை நான் எதுக்குக் காலி பண்ணணும்?"

ரிவர்ஸ் ரேடியோவை அவள் வாயருகே நீட்டினாள். "இதுல சொல்லுங்க."

பார்லர் அக்கா ரேடியோவைப் பார்த்தாள், வீட்டுக்காரரைப் பார்த்தாள். பிறகு, கடையில் வாடிக்கையாளர்களிடம் பேசுவதுபோல நன்றாகக் குரல் எடுத்துச் சொன்னாள்: "நான் காலி பண்ணல. யார் கேட்டாலும் பண்ணல. கோர்ட்டு சொன்னா அப்ப பாத்துக்கறேன். முதல்ல என் டீச்சருக்கு மீதி முடி வெட்டணும், நாற்காலியை இறக்குங்க."

உதவி ஆணையர் வந்து சேர்ந்தபோது லோடு மேஸ்திரி யாரும் சொல்லாமலே நாற்காலியை இறக்கியிருந்தார். வீட்டுக்குள் எடுத்துப்போகட்டுமா வேண்டாமா என்று அதிகாரி சொல்லும்வரை அது சந்தின் நடுவிலேயே நின்றது. அதில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். பார்லர் அக்கா வலது பக்கத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் ஒரே அளவில் வந்தது.

உதவி ஆணையர் நல்லவரும் இல்லை, கெட்டவரும் இல்லை. எல்லா வண்டியிலும் கேட்டுவிட்ட ஒன்றைக் கேட்காத மாதிரி இருக்க முடியாது என்று தெரிந்தவர். வீட்டுக்காரரிடம் உத்தரவைக் கேட்டார், இல்லை. சாமான்களை இருந்த இடத்திலேயே வைக்கச் சொன்னார். வீட்டுக்காரர் எஸ்.ஐ.யின் பெயரை எடுத்ததும், "அதை அப்புறம் பேசலாம்" என்றார். பிறகு ரோந்து வண்டியின் ஜன்னலுக்கு வந்தார்.

"வண்டி மக்கர்னு சொல்லியிருந்தா அதோட முடிஞ்சிருக்கும்."

"அப்படிச் சொல்லியிருந்தா சார், நீங்க வந்திருக்க மாட்டீங்க."

"இலாகா விஷயத்தை அலைவரிசையில ஊருக்கே ஒலிபரப்பியிருக்கே. மேலதிகாரி உத்தரவை மறுத்திருக்கே. ரெண்டுக்கும் பதில் சொல்லணும்."

"சொல்றேன் சார்." அவள் லாரியைத் திரும்பிப் பார்த்தாள். கடைசி மூட்டையும் உள்ளே போய்விட்டிருந்தது. "இப்ப வண்டியை எடுக்கறேன் சார். லாரி காலியாப் போகலாம்."

அன்று சாயங்காலமே அவளை ரோந்திலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை இலாகாப் பணிமனையில் வண்டி கழுவும் வேலை. கணவர் ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்படியில் இருப்பவர். விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, "வேலை போயிடுமா?" என்றார்.

"போகாது. அலைய விடுவாங்க."

"மன்னிப்பு எழுதிக் கேப்பாங்களே."

"கேப்பாங்க. எழுத மாட்டேன்."

"எழுத மாட்டேன்னு எனக்குத் தெரியும். அதை இன்னைக்கே உங்கம்மாகிட்டச் சொல்லிடு. அப்புறம் நான்தான் உன்னைக் கெடுத்தேன்னு சொல்லுவாங்க."

மன்னிப்பு கேட்டார்கள்தான். மறுத்தாள். அடுத்து ஒரு நடுவழி கொண்டுவந்தார்கள்: அன்று வண்டி உண்மையிலேயே கோளாறாக இருந்தது, பதற்றத்தில் ஓட்டுநர் வேறு மாதிரி சொல்லிவிட்டார் என்று பணிமனை மெக்கானிக் சொல்லிவிடுவார், அவள் தலையாட்டினால் போதும். பணிமனை ஃபோர்மேன் தோளில் துணியைப் போட்டுக்கொண்டு வந்து, "தங்கச்சி, வண்டிக்கு வலிக்கவா போகுது" என்றார்.

"அண்ணே, அந்த வண்டியை நான் ஒவ்வொரு வாரமும் எண்ணெய் பாத்து, பெல்ட் பாத்து வச்சிருந்தேன். அதுல கோளாறுன்னு நீங்க சொன்னா, அந்த மெக்கானிக்கை நான் கேள்வி கேக்கணும்னு விசாரணையில சொல்லுவேன். அவருக்கும் சிரமம்."

அதற்குப் பிறகு ஃபோர்மேன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

விசாரணை அன்று தாழ்வாரத்து நீளப் பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு முனையில் எஸ்.ஐ.; அவர் மேலும் ஒரு விசாரணை திறந்திருந்தது, அதே அலைவரிசைப் பேச்சு அவருக்கும் சாட்சி. நடுவில் ரிவர்ஸ், மடிப்புக் கலையாத சீருடையில். மறுமுனையில் பார்லர் அக்கா. கடையைப் பூட்டிவிட்டுச் சாட்சி சொல்ல வந்திருந்தாள். அவளுடைய வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தது. அவளும் இன்னும் அதே வீட்டில்தான் இருந்தாள்.

எஸ்.ஐ.தான் தரையைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஒரு வார்த்தை. வண்டி ஸ்டார்ட் ஆகலன்னு ஒரு வார்த்தை. இத்தனை வருஷம் நான் எத்தனை தடவை கேக்காம விட்டிருக்கேன். அன்னைக்கும் அதையே சொல்லியிருந்தா, நீயும் வெளிய இருந்திருப்பே, நானும் வெளிய இருந்திருப்பேன்."

"ஆமா சார். நாம ரெண்டு பேரும் நல்லா இருந்திருப்போம். இந்த அக்காதான் வீட்டுக்கு வெளிய இருந்திருப்பாங்க."

எஸ்.ஐ. ஏதோ சொல்ல வாயெடுத்தார். பார்லர் அக்கா முந்திக்கொண்டாள்.

"முடி காதுல விழுதுங்க சார் உங்களுக்கு. விசாரணை முடிஞ்சதும் கடைப் பக்கம் வாங்க. பாதியில எழுப்பி விட மாட்டேன்."

உள்ளேயிருந்து உதவியாளர் வந்து அவள் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ரிவர்ஸ் எழுந்தாள்.

"குற்றச்சாட்டு வாசிப்பாங்க. ஒத்துக்கறீங்களா இல்லையான்னு முதல்ல கேப்பாங்க" என்று உதவியாளர் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொடுத்தார். "இல்லன்னு சொல்லிடுங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"உத்தரவை மறுத்தீங்களான்னு கேட்டா, ஆமான்னு சொல்லுவேன். அது குத்தமான்னு கேட்டா, இல்லன்னு சொல்லுவேன்" என்றாள் அவள். "ரெண்டையும் தனித்தனியா எழுதிக்கச் சொல்லுங்க."

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள்.